செருப்பு வாருக்கு ஓர் இடைவெளி

ஆஸ்பத்திரி வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை.
மழை என்றால் வாசலில் முழங்கால் தண்ணீர்.
எங்கள் பட்டறையில் முழங்கால் என்பது ஓர் எல்லை:
மேலேயா, கீழேயா,
முதலில் அதைத்தான் கேட்போம்.

ஏழரைக்கு அடுப்பைப் போடுவேன்.
பிளாஸ்டிக் தகடு
பிசைந்த மாவாய்த் தளர்ந்து வரும்போது
சாந்து அச்சின் மேல் இழுத்துப் போர்த்தி
ஆறும்வரை பிடித்திருப்பேன்.
பதினாறு வருடமாய் என் உள்ளங்கையில் ரேகை இல்லை.
வங்கியில் விரல் வைக்கச் சொன்னால்
இயந்திரம் என்னை நம்பாது.

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி, கால் போன காரணம்.
சீனி வருத்தம். பாம்பு. பஸ். மிதிவெடி. வேறு.
சுகந்தினி 'வேறு' என்பதன் கீழ்க் கோடிட்டு
விபரம் எழுத விட்ட இடத்தில்
ஓர் ஊரின் பெயரை மட்டும் எழுதினாள்.
அந்த ஊரில் அந்த மாதம் என்ன நடந்தது என்று
எனக்குத் தெரியும்.
எந்தப் பக்கம் நின்றாள் என்றும் தெரியும்.
பத்தாம் கேள்விக்குப் போனோம்.
ஓய்வூதியம், கொடுப்பனவு, வேறு ஆதரவு ஏதும்?

"இருக்கு அக்கா.
மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு பேர் வந்து
நான் வீட்டில இருக்கிறனா எண்டு
பாத்திட்டுப் போகினம்.
அதை என்னெண்டு எழுதுறது?"

எழுதவில்லை.

அதே செவ்வாய் பதினொரு மணிக்கு
பலாலிப் பக்கமிருந்து ஒரு வாகனம்
ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் முகப்பிலேயே நின்றது.
கோப்ரல் உபசேன இறங்கி நடந்து வந்தார்,
நடையைப் பார்த்தவுடன் தெரிந்தது,
இடது, முழங்காலுக்குக் கீழே.
கையில் உறை போட்ட கோப்பு.
எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும்:
முழுச் சம்பளம், வீட்டுக் கடன்,
மகனுக்குப் பாடசாலைப் பை,
மனைவிக்கு ரயில் சீட்டு,
மாதம் ஒரு முறை மனநல வைத்தியர்.
பக்கத்துக்கு ஒன்றாய்ப் பதினொரு முத்திரை.
எங்கள் படிவம் ஒரு தாள்.
மறுபக்கத்தில் பழைய கணக்கு.

காலைக் கழற்றி மேசையில் வைத்தார்.
நல்ல கால். என்னால் செய்ய முடியாத கால்.
பாதம் மட்டும் வழவழவென்று
விரல் பிரியாமல்
சப்பாத்துக்கு அளவாய்.

"அடுத்த மாசம் வீடு," என்றார் தமிழில்,
கடை கடையாய்ப் பொறுக்கிச் சேர்த்த தமிழ்.
"வயல். வரம்பு. செருப்பு போட வேணும்.
அங்க கேட்டது. சப்பாத்து இன்னும் ஒண்டு தரலாம் எண்டு சொன்னது."

பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
பென்சிலால் கோடு கீறினேன்.

வாங்கில் சுகந்தினி இருந்தாள், காலுறைக்காக.
இடையில் மூன்று கதிரை, ஒரு மின்விசிறி,
விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
கோப்பின் தாள்கள் எழும்பி அமர்ந்தன.
அவள் அவரைப் பார்க்கவில்லை.
பாதத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்கோ.
இல்லாட்டி மேட்டில ஏறேக்க கழரும்.
எனக்கு முதல் வருசம் ரெண்டு தரம் விழுந்தது."

என்னிடம்தான் சொன்னாள்.
அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.
ஆழமாக வெட்டினேன்.

காசு எவ்வளவு என்று கேட்டார்.
காசு இல்லை என்றேன்.
எந்தப் பதிவேட்டில் எழுதுவதென்றும் தெரியவில்லை.
வாகனம் பின்பக்கமாகவே போகும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.

"ராத்திரியில," என்றாள் சுகந்தினி,
"காலைக் கழற்றி வைச்ச பிறகு விடாய்ச்சால்
அவருக்கு ஆர் தண்ணி எடுத்துக் குடுக்கிறது?"

"கோப்பில இருக்கும்."

"இருந்ததோ?"

பதினொன்றையும் நினைத்துப் பார்த்தேன்.
இரவு ஒன்றிலும் இல்லை.

"உனக்கு ஆர்?"

"மகள். எட்டு வயசு.
தண்ணிக்குப் போகேக்க
என்ர காலை ஒருக்காத் தட்டிப் பாப்பாள்,
அது நித்திரையோ எண்டு."

நெல்லளவு ரப்பர்த் துண்டுகள்,
கூட்டி அள்ளினேன்.
வெளியே தூறத் தொடங்கியிருந்தது.
அவள் செருப்பிரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
தண்ணீருக்குள் இறங்கினாள்,
ரப்பர்க் காலை முதலில் வைத்து.